ஏழாவது லாரி

மலையில் கட்டடம் மேலே போகக் கூடாதென்று சட்டம்.
ஆகவே இது கீழே போகிறது.
சாலையில் நிற்பவனுக்கு இரண்டு மாடி,
ஓடையோரம் துணி துவைப்பவளுக்கு ஆறு.
குன்னூரில் உயரமானதொன்றைத்
தலை குனிந்துதான் பார்க்க வேண்டியிருக்கிறது.

அதன் பாதத்துக்கு அன்று கான்கிரீட்.

என் வேலை சின்னது.
லாரிக்கு லாரி கலவை எடுத்து
இரும்புக் கூம்பில் மூன்று அடுக்காக இட்டு,
அடுக்குக்கு இருபத்தைந்து குத்து குத்தி,
கூம்பைத் தூக்கி
எவ்வளவு சரிகிறது என்று அளப்பது.
சரியாமல் விறைத்து நின்றால் குற்றம்.
சரிந்தே போனால் அதைவிடக் குற்றம்.
(அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்களும்
ஏறக்குறைய இதே அளவுகோலோடுதான் வந்தார்கள்.)

நாலு மணிக்குத் தொடங்கியது.
பம்புக் குழாய் இருமி இருமித் துப்பியது.
காலாஹாண்டிக்காரன் ருஷிகேஷ்
வைப்ரேட்டர் ஊசியைக் கம்பிகளுக்கிடையே இறக்கிவிட்டுக்
காது கொடுத்து நிற்பான்,
கடைசிக் குமிழி போனதும் சத்தம் மாறுமாம்.
அவனுக்குத் தமிழில் நாலு சொல்:
போதும், இன்னும், தண்ணி, டீ.
ஓர் அஸ்திவாரத்துக்கு அவை தாராளம்.

ஆறு லாரி வந்தன.
ஏழாவது வரவில்லை.

ஒன்பதாம் கொண்டை ஊசி வளைவில்
கல்யாண பஸ் ஒன்று அச்சு முறிந்து குறுக்கே நிற்கிறதாம்.
போனில் டிரைவர் மரியசெல்வம்.
அவர் குரலுக்குப் பின்னால் டிரம் சுற்றும் ஓசை,
அதற்கும் பின்னால்
பொழுது போகாத நாதஸ்வரம்.

சிமெண்டுக்குக் கல்யாணம் கருமாதி தெரியாது.
தண்ணீர் பட்ட நிமிடத்திலிருந்து அதற்கு ஒரே நினைப்பு.
ஆறாவதன் விளிம்பைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன்,
ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம்.
மூடுபனி வந்து விளக்கைச் சுற்றி உட்கார்ந்தது.
குளிர் இறுகலைத் தள்ளிப்போடும்.
பல் கிடுகிடுக்க, இன்னும் குளிரட்டும் என்று
வேண்டிக்கொண்ட ராத்திரி அது ஒன்றுதான்.
பெள்ளா கவுடர் சால்வைக்குள்ளிருந்து சொன்னார்:
'அத்தனையும் கேரட் வித்த காசு, மேடம்.'

பத்தேகாலுக்கு வந்தது. எட்டாவதும் அதன் பின்னாலேயே.
கூம்பைத் தூக்கினேன்.
நிற்கவில்லை. சாணிக் கரைசலாய்த் தட்டில் பரவியது.

'டிரம் திணறுச்சு மேடம். பஸ்காரங்க கிட்ட
ரெண்டு குடம் வாங்கி ஊத்தினேன்.'
இரண்டு என்றார் அவர்.
பத்து என்றது கலவை.

திருப்புங்கள் என்றேன்.
யாரும் பேசவில்லை. ருஷிகேஷ் மட்டும்,
யாரிடம் என்றில்லாமல்,
'போதும்?' என்றான்.

எட்டாவது நின்றது, சரியாக நூற்றுப் பத்து மில்லி சரிந்து.
ஊசியைப் பழைய விளிம்புக்குள்ளும் விட்டுப்
புதியதோடு தைத்தான்.

கீழ் லைன் வீடுகளிலிருந்து லூர்துமேரி ஏறி வந்தாள்.
'வேண்டாம்னா எங்க பாதைக்குக் குடுங்க.
மழைக்கு ஆள் ஆளா வழுக்கி விழறோம்.'
கட்டடத்துக்கு ஆகாதது கால் வைக்க ஆகும்.
பதினோரு மணிக்குப் பாண்டுச்சட்டிகள் வரிசையாக வந்தன,
டார்ச்சை வாயில் கவ்விய ஒரு பையனும்.
மரியசெல்வமே மண்வெட்டி எடுத்துச் சமன் செய்தார்.
அந்த லோடுக்கு அவருக்கு வாடகை இல்லை.

இருபத்தெட்டாம் நாள் கட்டைகளை உடைத்தோம்.
எல்லாம் தேறின.
ஏழாவதிலிருந்தும், ஏனென்று தெரியாமல்,
மூன்று கட்டை எடுத்து வைத்திருந்தேன்.
முப்பது வேண்டும். அது தாங்கியது
முப்பது புள்ளி நாலு.

பதிவேட்டில் அதற்குக் கட்டம் இல்லை.
மரியசெல்வத்தின் எண் இன்னும் போனில் இருக்கிறது.

லைன் வீட்டுப் பாதையில் இறங்கும்போது மட்டும்
சற்று அழுத்தியே மிதிக்கிறேன்.